பியானோ படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு



விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்குச் சூளையில் வேலை. இவர் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறாளாம். வாசித்துவிட்டு வந்தவள் ஒரு நாள், தான் பியானோ கலைஞராகத்தான் ஆகப்போவதாக அறிவித்துவிட்டாள். அப்படி ஒரு வேலை உண்டா, அதில் சோறு கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார். எத்தனையோ பேர் மனசுக்குள் வைத்திருக்கிற கேள்வி இது. அதனால் அவருக்குத் தனியே பதில் போடாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

பியானோ என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் பெயர் லிடியன் நாதஸ்வரம். சென்னைப் பையன். 2005-இல் பிறந்தவர். 2019 மார்ச்சில், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அங்கே அவர் வாசித்தது, ரிம்ஸ்கி கோர்சகோவ் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஒரு வண்டு பறப்பதைச் சித்திரிக்க எழுதிய சிறு துண்டு இசை. அதை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்துக் காட்டி, பிறகு 325-க்குக் கொண்டுபோனார். நடுவர்கள் எழுந்து நின்றார்கள். அந்த வீடியோ நம் ஊர் டீக்கடை செல்போன் வரைக்கும் வந்தது.

அந்த வீடியோவைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்வதில்லை. அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷிணியும் இசைக்காரர். பையன் முதலில் கையில் எடுத்தது டிரம்ஸ் குச்சியை. பியானோ சொல்லிக்கொடுத்தவர் அகஸ்டின் பால். அவர் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடகர் குழுவை நடத்துபவர். 1893-இல் தொடங்கிய சங்கம் அது. அப்புறம் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைப் பள்ளி. ஆக, ஒரு வீடு, நூற்றாண்டு தாண்டிய ஒரு சங்கம், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் நின்ற பிறகுதான் அந்தச் சில நிமிட வேகம். பரிசு வாங்கிய பின் அவர் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். மேலும் வேகமாக வாசிக்கப் போகவில்லை. இளையராஜாவிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2024 இறுதியில் வந்த மோகன்லாலின் 'பரோஸ்' படத்துக்கு இசையமைத்தார். 325-ஐவிட எனக்கு அவர் அப்படி மாணவராகப் போய் உட்கார்ந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

பியானோ பணக்கார வீட்டு வாத்தியம், நமக்கெல்லாம் எட்டாது என்ற பேச்சு ஒன்று உண்டு. வாங்குகிற விலையைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் சென்னையில் பியானோ வாசித்தவர்களின் கதையைப் பார்த்தால் அப்படியில்லை. அண்ணா சாலையில் இன்றும் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடை 1842-இல் மிஸ்க்வித் என்பவர் பெயரில் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளுக்குப் பியானோவும் தேவாலயங்களுக்கு ஆர்கனும் கப்பலில் வந்து இறங்கிய காலம். துரைமார் போனார்கள், வாத்தியங்கள் இங்கேயே நின்றன. தேவாலயங்களில் வாசித்த நம் ஆட்கள்தான் அவற்றைக் காப்பாற்றி வைத்தார்கள். ஹேண்டல் மேனுவல் அவர்களில் பெரியவர். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார், பாடகர் குழுவை நடத்தினார், சென்னை வானொலியில் மேற்கத்திய இசைக்கு முகமாக இருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைக்கு இசைமேதை ஹேண்டலின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் என்ன கேட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்புறம் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறை, அதில் ஒரு பியானோ, சுற்றிலும் இசைத் தாள்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் மேற்கத்திய இசைக்குறியீட்டை எழுதவும் படிக்கவும் கற்றது அந்த அறையில்தான். பாக், மொசார்ட், பீத்தோவன் எல்லாம் இளையராஜாவுக்கு அறிமுகமான இடம் அது. ரஹ்மானும் அவரிடம் பாடம் கேட்டவர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது செய்தித்தாள்கள் லண்டனைப் பற்றி எழுதின. அந்த லாட்ஜ் அறையைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். தன்ராஜ் மாஸ்டரைக் கச்சேரி மேடையில் பார்த்தவர்கள் குறைவு. இருந்தும் அவருடைய வாழ்க்கையையும் ஒரு பியானோக்காரரின் வாழ்க்கை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தத் தாய்க்கு வாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீபோர்டும் பியானோவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தொட்டால் வேறு. கீபோர்டில் கட்டையை அழுத்துவது சுவிட்சு போடுகிற வேலைதான். பியானோவில் கட்டைக்குப் பின்னால் ஒரு முழு இயந்திரம் இருக்கிறது. விரல் அழுத்தினால் கட்டை சுமார் 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்தக் கொஞ்ச இடைவெளிக்குள் ஒரு நெம்புகோல் எழும்பி, கம்பளி பொதிந்த சிறு சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகிறது. எறிந்த கணத்தில் நெம்புகோல் விலகிக்கொள்கிறது. சுத்தியல் தனியாகப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பி விழுகிறது. விலகாவிட்டால் சுத்தியல் கம்பியிலேயே ஒட்டி நின்று நாதத்தை அமுக்கிவிடும். இந்தச் சூட்சுமத்தை 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கண்டுபிடித்தவர் கிறிஸ்டோஃபோரி. அவர் கையால் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று.

இதில் என்ன விசேஷம் என்றால், மெதுவாகத் தொட்டால் மெல்லிய நாதம், ஓங்கித் தொட்டால் பெரிய நாதம். ஒரே ஸ்வரத்தை நூறு விதமாகச் சொல்லலாம். 88 கட்டை, சுமார் 230 கம்பிகள். அத்தனை கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய 20 டன். வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று உள்ளே இருந்து அதைத் தாங்குகிறது. பார்க்க மர அலமாரி மாதிரி சாதுவாக நிற்கும் பெட்டிக்குள் இவ்வளவு விறைப்பு!

நம் ஊர்ச் சீதோஷ்ணம் அதற்கு ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், கட்டை மாட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர் என்றால் கம்பி துருப்பிடிக்கும். கம்பளியைப் பூச்சி அரிக்கும். கரையானையும் எலியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய பியானோக்களின் அடியில் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு உள்ளே சூடாக வைத்துக்கொள்வது ஒரு வழக்கம். ஈரத்தோடு சண்டை போடுவது எப்படி என்று விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயாத பச்சைமண்ணைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நீங்கள்.

இதனால்தான் பியானோக்காரர் வாழ்க்கை மற்ற வித்வான்கள் வாழ்க்கைபோல இல்லை. வயலின்காரர் தன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறுவார். நாதஸ்வரக்காரர் பையில் சீவாளியோடு போவார். பியானோக்காரர் வெறுங்கையோடு போக வேண்டும். போகிற ஊரில் என்ன பியானோ நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு அவருடைய குரல். கச்சேரிக்கு முன் ஸ்ருதி சேர்க்க ட்யூனர் வர வேண்டும். ஒவ்வொரு கம்பியாக முறுக்கிச் சரிசெய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். நல்ல ட்யூனர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். (கைத்தொழில் தேடும் இளைஞர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.)

பியானோவுக்கும் நம் சங்கீதத்துக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. கர்நாடக இசைக்கு உயிர் கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போக வேண்டும். பியானோவில் சுத்தியல் தட்டியது தட்டியதுதான், இழைய முடியாது. ஹார்மோனியத்துக்கும் இதே குறைதான். அதைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை உள்ளேயே விடாமல் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனால் முத்துசுவாமி தீட்சிதரோ, கும்பினியாரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம் என்று தந்தார். பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில்கூட அவர் செய்த உருப்படி இருக்கிறது. வானொலி அதிகாரிகளைவிட தீட்சிதர் தாராள மனசுக்காரர்.

இந்த வழக்கை இன்று அமைதியாகத் தீர்த்துக்கொண்டிருப்பவர் சென்னையின் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன். மூன்று வயதிலேயே பியானோ முன்னால் உட்கார்ந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, சென்னைக்குத் திரும்பினார். புல்லாங்குழலில் பேர்பெற்ற சிக்கில் சகோதரிகளின் குடும்பத்திலிருந்து வந்த பாடகர் சிக்கில் குருசரணோடு அவர் செய்யும் கச்சேரிகளைக் கேட்டுப் பாருங்கள். பியானோ கமகம் பண்ணப் பார்ப்பதில்லை. அதைக் குரலிடம் விட்டுவிடுகிறது. குரல் இழையும்போது அடியில் நாலைந்து ஸ்வரங்களை விரித்துப் போடுகிறது, சில இடங்களில் சும்மா இருக்கிறது. பியானோவால் எது முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாசிக்கிறார் என்பதுதான் என் கணிப்பு. சங்கீத நாடக அகாடமி அவருக்கு உஸ்தாத் பிஸ்மில்லா கான் பெயரிலான இளைஞர் விருதைத் தந்தது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அவர் தொடங்கிய 'ராப்சடி' என்ற அமைப்பு. பள்ளிக்கூடங்களுக்குப் போய் இசை வழியாகப் பாடம் சொல்லித்தருகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

இலங்கையில் பிறந்த ரோஹன் டி சில்வா இன்னொரு வகை. லண்டன் ராயல் அகாடமியிலும் நியூயார்க் ஜூலியார்டிலும் படித்தவர். உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை இட்சாக் பெர்ல்மன் ஊர் ஊராகக் கச்சேரி செய்யும்போது பக்கத்தில் பியானோவில் இருப்பவர் இவர். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வருவது பெர்ல்மன் பெயர். ஆனால் இவர் ஒரு நொடி தாமதித்தால் கச்சேரி குலைந்துபோகும். பக்கவாத்தியத்தின் மரியாதை என்ன என்று நம் சபைக்காரர்களுக்குத் தெரியும். அதை மகளுக்கும் சொல்லிவையுங்கள் அம்மா.

இனி சோற்றுக் கேள்வி. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியாக மேடையில் உட்கார்ந்து பியானோ வாசித்து, அந்தச் சீட்டு வசூலில் மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்தியாவில் மிகமிகக் குறைவு. ஆனால் பியானோ தெரிந்தவர் பட்டினி கிடப்பதும் குறைவு. பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலை, வீட்டு வகுப்புகள், சினிமா ஒலிப்பதிவில் கீபோர்டு, பாட்டுக்கு இசைக்கோவை எழுதும் வேலை, பாடகர் குழுவுக்கு வாசிப்பது, இப்போது இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று பல கிளைகள். முக்கால்வாசிப் பேர் இதில் மூன்று நாலைச் சேர்த்துத்தான் பிழைக்கிறார்கள். இளையராஜாவும் ரஹ்மானும்கூடத் தொடக்கத்தில் அடுத்தவர் இசைக்குழுக்களில் வாசித்துச் சம்பாதித்தவர்கள்தான்.

படிப்புக்கு ஒரு பாதை இருக்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் சென்னை போன்ற நகரங்களில் நடக்கின்றன. முதல் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடு வரை, அதன்பின் டிப்ளமோ. வாசிக்க வேண்டிய உருப்படிகள், ஸ்வர வரிசைகள், பார்த்தவுடன் வாசித்தல், காதால் கேட்டுச் சொல்லுதல் எல்லாம் உண்டு. இளையராஜா கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கியதும் இந்த டிரினிட்டியில்தான். விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். தேர்வுக்கு மட்டும் போய்வரலாம். ஆனால் வாராவாரம் வகுப்புக்குப் போக அந்தத் தூரம் கட்டுப்படியாகாது. அதற்கு உள்ளூரிலோ இணையத்திலோ ஓர் ஆசிரியர் வேண்டும். இசைக்குறியீடு படிக்கச் சொல்லித்தருபவரா என்று முதலில் கேளுங்கள். நாலு சினிமாப் பாட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்துக் காசு வாங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாட்டு வரும், படிப்பு வராது.

புது பியானோ லட்சங்களில். கச்சேரிகளில் பார்க்கிற நீளமான கிராண்ட் பியானோ கோடியைத் தொடும். அதை நினைத்து மலைக்க வேண்டாம். 88 கட்டையும் உண்மையான பியானோபோல விரலுக்குக் கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ நாற்பது, ஐம்பதாயிரத்தில் தொடங்குகிறது. அதுவும் சூளை வேலைக் குடும்பத்துக்குப் பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அதுவரை கையில் இருக்கும் கீபோர்டே போதும். ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று உள்ள கூட்டத்தின் முதல் கறுப்பை ஸட்ஜமாக வைத்து, வலப்பக்கமாகக் கறுப்பை மட்டும் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். மோகனம் கேட்கும். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளையில் தொடங்கி வெள்ளையை மட்டும் தொட்டால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஐரோப்பியர்களுக்கு அதுதான் முதல் பாடம்.

காது விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை என்பது என் நம்பிக்கை. சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை எடுத்து விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் சரக்கு நல்லது. மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம், தனியே ஒதுக்கிவிடுவார்கள். பியூஸ் கட்டையும் அகலும் பொம்மையும் செய்கிற ஊரில் வளர்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கானே வாத்தியமாவதும் நம் சங்கீதத்தில் உண்டு. கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி மெல்லிய குச்சியால் தட்டும் ஜலதரங்கம் அது. ஆனையாம்பட்டி தண்டபாணி, சீதா துரைசாமி ஆகியோர் அதில் பெரியவர்கள். பியானோவைப்போல அதுவும் தட்டுகிற வாத்தியம். ஆனால் குச்சி நுனியால் தண்ணீரைத் தொட்டு ஸ்வரத்தை அசைத்துக் கமகம் காட்டுவார்கள். பியானோ செய்யாததைக் கிண்ணம் செய்கிறது! இந்த ஊர்ச் சரக்கில் ஜலதரங்கத்துக்கென்று ஸ்வரம் பார்த்து ஒரு செட் கிண்ணம் செய்ய யாராவது முன்வந்தால் என்ன? செராமிக் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட் வேலையாகவே எடுத்துச் செய்யலாம். செய்பவர்கள் படத்தோடு எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடலூர், நெய்வேலி, சிதம்பரம், புதுச்சேரி வரை பழைய பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் சில வீடுகளிலும் திறக்காத பியானோக்கள் நிற்கின்றன. மேலே பூச்சாடியும் குடும்பப் படமும் வைத்து, துணி போர்த்தி மூடியிருப்பீர்கள். விற்கவும் மனசு வராது, வாசிக்கவும் ஆள் இல்லை. அப்படி ஒன்று உங்கள் வசம் இருந்தால் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஊர், பியானோவின் தயாரிப்புப் பெயர், எத்தனை கட்டை பேசுகிறது, எத்தனை பேசவில்லை என்று எழுதினால் போதும். ட்யூனரை அழைத்துவரும் செலவை வாசகர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்கிறோம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், கற்கும் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிட நீங்கள் சம்மதிக்க வேண்டும். முதல் அட்டை வந்ததும் அந்த வாசகிக்குத் தகவல் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்